மடக்குப் பந்தலுக்கு எந்த மென்பொருள்?

மயிலாப்பூர் குளக்கரையில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவுக்கு நிழல் தருபவை ஒரு பழைய தார்ப்பாய், இரண்டு மூங்கில் கழிகள், கொஞ்சம் கயிறு. காலையில் அதைக் கட்ட இன்னொருவர் கை வேண்டும். இரவில் அவிழ்ப்பதற்கும் வேண்டும். பங்குனி உற்சவத்தில் மாட வீதியில் தேர் வரும் நாளில் அவசரமாக வழிவிட வேண்டியிருக்கும். அப்போது நனைந்து இறுகிய முடிச்சுகளோடு அவர் படும் பாட்டைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையைத் தொடங்கினோம். அவர் கேட்டது இவ்வளவுதான்: விரித்தால் ஆறடிக்கு நாலடி நிழல் விழ வேண்டும், மடித்தால் அவர் உட்காரும் பலகைக்கு அடியில் இரண்டடி இடத்துக்குள் போக வேண்டும், ஒரே ஆள் ஒரே இழுப்பில் விரிக்கவும் மடிக்கவும் வேண்டும்.

என் அக்கா மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். “ஓரிகாமி முறையில் மடித்துவிடலாம் மாமா, அதற்கு மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன” என்றான். தாளை மடித்து உருவம் செய்யும் ஜப்பானியக் கலைதான் ஓரிகாமி. அவன் சொன்னது உண்மைதான், மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்லும் கருவி. தவறான கருவியை எடுத்தால் அது அழகான விடையைத் தரும். அந்த விடை நம் கேள்விக்கு உரியதாக இருக்காது. நாங்கள் இரண்டு மாதத்தை அப்படித்தான் இழந்தோம். மடியும் விளக்குக்கூடு, அரங்கப் பின்திரை, வெள்ளக் காலக் கூடாரம் என்று எதையாவது செய்ய நினைப்பவர் அந்த இரண்டு மாதத்தைச் சேமித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகைகளால் ஆன, திரும்பத் திரும்ப விரிந்து மடிய வேண்டிய பொருளென்றால், உலாவியில் இயங்கும் ஓரிகாமி சிமுலேட்டரும் ஒரு சாதாரண எக்செல் தாளும் முக்கால் தூரம் கொண்டுபோய்விடும். வடிவம் சீரானதாக இல்லாமல் வளைந்து போக வேண்டுமென்றால் அதற்கு மேல் ஃப்ரீஃபார்ம் ஓரிகாமி அல்லது ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளுக்குள் இயங்கும் கிரேன் தேவைப்படும். பெயர் பெற்ற ட்ரீமேக்கரும் ஓரிகாமைசரும் மிக உயர்ந்த படைப்புகள். பந்தலுக்கு அவற்றை நான் எடுக்க மாட்டேன்.

எது வளையலாம்?

மென்பொருளைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மடிப்புகளுக்கு நடுவில் உள்ள பரப்பு வளையக்கூடிய பொருளா, வளையாத பொருளா?

காகிதம் பொறுமை மிகுந்தது. கோணம் கொஞ்சம் பிசகினாலும் தாள் முறுகிக் கொடுத்து நம் பிழையை விழுங்கிவிடும். மெரினாவில் சுண்டலுக்குப் பொட்டலம் மடிப்பவர் கோணம் பார்ப்பதில்லை. புடவைக் கொசுவம் எடுப்பவரும் அளவுகோலைத் தொடுவதில்லை. பரதநாட்டிய உடையில் முழங்கால்களுக்கு நடுவே விசிறியாக விரியும் மடிப்புகளைத் தைக்கும் கலைஞர்கள் மிகத் துல்லியமாக வேலை செய்பவர்கள். ஆனாலும் அரைமண்டியில் ஆடுபவர் அமரும்போது அந்த விசிறி அழகாக விரிவதற்குப் பட்டு வளைந்து கொடுப்பதும் ஒரு காரணம்.

பலகை அப்படி விட்டுக்கொடுக்காது. சன்பேக் ஷீட் என்ற பிளாஸ்டிக் அட்டையோ ஒட்டுப்பலகையோ அலுமினியத் தகடோ, மடிப்புக் கோட்டில் மட்டுமே திரும்பும். தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒவ்வொரு பலகையும் தட்டையாகவே இருந்தபடி மடியக்கூடிய வடிவத்தை நாங்கள் ‘கெட்டி மடிப்பு’ என்று அழைத்துக்கொண்டோம். விரிந்த நிலையும் மடிந்த நிலையும் சரியாக இருந்து, நடுவழி மட்டும் சாத்தியமில்லாமல் போகும் வடிவங்கள் பல உண்டு. சாய்ந்த முக்கோணங்களால் ஆன கிரெஸ்லிங் கோபுரம் அப்படிப்பட்டது. தாளில் செய்து அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவும். அந்தத் தாவலின் நடுவே முக்கோணங்கள் உருக்குலைந்தாக வேண்டும். தாள் அதைத் தாங்கும். பலகையில் செய்தால் கீல் பிய்ந்துவிடும்.

இதைவிட வியப்பான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்களை வரைந்து, மூலைவிட்டங்களையும் போட்டு, மேடும் பள்ளமுமாக மாற்றி மாற்றி மடித்தால் தாள் தானாகவே குதிரைச் சேணம் போல முறுகி நிற்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வடிவம். அந்த மடிப்புகள் மட்டுமே இருந்தால், தாளை இழுக்காமல் அந்த வடிவம் உருவாகவே முடியாது என்று ஓரிகாமியின் கணிதத்தை ஆராயும் எரிக் டிமெய்ன், டோமோஹிரோ டாச்சி முதலானோர் நிறுவியிருக்கிறார்கள். கையில் இருக்கும் தாளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வளைவுகள் புகுந்து நம்மைக் காப்பாற்றுகின்றன. கூடுதலாகச் சில குறுக்கு மடிப்புகளைச் சேர்த்தால் கணிதப்படியும் அது சாத்தியமாகிவிடுகிறது. கையால் மடித்துப் பார்த்துவிட்டேன், ஆகவே பலகையிலும் வரும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கையும் தாளும்

அதற்காகத் தாளை ஒதுக்கிவிடக் கூடாது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எந்தக் கனத்திலும் தாள் கிடைக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை இரும்பு அளவுகோலோடு சேர்த்து அழுத்தி இழுத்தால் மடிப்புத் தடம் விழுந்துவிடும். நிறையச் செய்ய வேண்டுமென்றால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் கிரீஸிங் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு யோசனை ஓடுமா ஓடாதா என்று பத்து நிமிடத்தில் சொல்ல இதைவிடச் சிறந்த கருவி கிடையாது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தைத் தாள் குடித்துத் துவண்டுவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சித்திரையில் விறைப்பாக நின்ற மாதிரி, மழைக்காலத்தில் தன் எடையிலேயே தொய்ந்தது.

தாள் சொல்லாத விஷயம் அளவு. மடித்தபின் எத்தனை சென்டிமீட்டர் வரும், கோணத்தை இரண்டு பாகை மாற்றினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கையால் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் புதிதாக மடிக்க வேண்டும்.

பெரிய பெயர்கள் இரண்டு

நாங்கள் முதலில் இறக்கியது ட்ரீமேக்கர். இயற்பியலாளராக இருந்து ஓரிகாமி கலைஞரான ராபர்ட் லாங் எழுதியது. ஒரு குச்சிப் படம் வரைந்து, இங்கே நீண்ட கால், அங்கே குட்டைக் கொம்பு என்று சொன்னால், ஒரே சதுரத் தாளில் அத்தனை உறுப்புகளையும் எடுப்பதற்கான மடிப்பு வரைபடத்தை அது கணக்கிட்டுத் தரும். ஒவ்வொரு உறுப்புக்கும் தாளில் ஒரு வட்ட இடம் தேவை. அந்த வட்டங்களை நெருக்கி அடுக்கும் கணக்காக அவர் இந்தக் கலையையே மாற்றினார். வண்டும் சிலந்தியும் கால் விரல் வரை மடிக்கப்படுவதற்கு இந்த முறைதான் வழி திறந்தது. எங்கள் பந்தலுக்குக் காலும் இல்லை, கொம்பும் இல்லை.

அடுத்தது டாச்சியின் ஓரிகாமைசர். கணினியில் வரைந்த எந்தப் பன்முக வடிவத்தையும் ஒரே தாளிலிருந்து மடிக்க வரைபடம் தரும். கணினி வரைகலையில் எல்லாரும் சோதனைக்கு எடுக்கும் ஸ்டான்ஃபோர்டு முயலையே அவர் ஒரு தாளில் மடித்துக் காட்டினார். எந்தப் பன்முக வடிவத்துக்கும் உறுதியாக வேலை செய்யும் வழிமுறையை டிமெய்னும் டாச்சியும் 2017-ல் வெளியிட்டார்கள். படிக்கும்போது மெய்சிலிர்த்தது. ஆனால் மிச்சத் தாளையெல்லாம் உட்புறமாகச் சொருகித்தான் அந்த வடிவம் கிடைக்கிறது. ஒருமுறை மடித்தால் மடித்ததுதான். தினமும் காலையில் விரித்து இரவில் சுருட்டுவதற்கு அது பிறக்கவில்லை. இந்த இரண்டு கருவிகளோடும் நாங்கள் கழித்த வாரங்கள் அருமையானவை. சிற்பம் மடிக்க விரும்புபவர் இங்கேயே நின்றுவிடலாம்.

மடிப்பு வரைபடத்தை வரைவதற்கும் சரிபார்ப்பதற்கும் ஜுன் மிதானியின் ஓரிபாவும், ஓரியெடிடாவும் உள்ளன. ஒரு புள்ளியில் சந்திக்கும் மடிப்புகள் தட்டையாக மடியுமா என்பதை இரண்டு எளிய விதிகளால் சோதிக்கலாம். மேட்டு மடிப்புகளின் எண்ணிக்கைக்கும் பள்ள மடிப்புகளின் எண்ணிக்கைக்கும் வேறுபாடு இரண்டாக இருக்க வேண்டும். இது மேகாவா விதி. அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்று விட்டு ஒன்று கூட்டினால் 180 பாகை வர வேண்டும். இது கவாசாகி விதி. பள்ளி மாணவரும் சரிபார்த்துவிடலாம். ஆனால் நூறு புள்ளிகள் சேர்ந்த முழு வரைபடமும் அடுக்குகள் ஒன்றையொன்று துளைக்காமல் மடியுமா என்ற கேள்வி வேறு உயரத்தில் நிற்கிறது. 1996-ல் பெர்ன், ஹேய்ஸ் இருவரும் அது கணினி அறிவியலில் மிகக் கடினமானவை என்று வகுக்கப்பட்ட கணக்குகளில் ஒன்று என்று காட்டினார்கள். எல்லா வரைபடங்களுக்கும் விரைவாக விடை தரும் வழிமுறை எவரிடமும் இல்லை. ஓரிபாவும் ஓரியெடிடாவும் மடிந்தபின் எந்த அடுக்கு மேலே, எந்த அடுக்கு கீழே என்று கணக்கிட்டுக் காட்டுகின்றன. நடுவழியை அவை காட்டுவதில்லை.

நிறம் சொல்லும் செய்தி

நடுவழியைக் காட்டும் கருவிதான் எங்களைக் காப்பாற்றியது. அமாண்டா கசாயி உருவாக்கிய ஓரிகாமி சிமுலேட்டருக்கு எதையும் நிறுவ வேண்டாம். உலாவியைத் திறந்தால் போதும். கணினியின் வரைகலைச் செயலி கணக்கைச் செய்துகொள்ளும். அக்கா மகனின் பழைய மடிக்கணினியிலேயே தடங்கலின்றி ஓடியது. மேட்டு மடிப்பைச் சிவப்பிலும் பள்ள மடிப்பை நீலத்திலும் ஓரத்தைக் கறுப்பிலும் வரைந்து எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாகக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். ஒரு நழுவு பொத்தானை இழுத்தால் தாள் கண் முன்னே மடியும்.

இதில் எனக்கு மிகவும் பயன்பட்டது, இழுவையை நிறத்தால் காட்டும் வசதி. இழுவை இல்லாத இடம் நீலம். இழுவை ஏற ஏறச் சிவப்பை நோக்கிப் போகும். கிரெஸ்லிங் கோபுரத்தைப் போட்டு நடுவழிக்குக் கொண்டுவந்தபோது அது சிவந்தது. அடுத்து விளக்கப்போகும் மியுரா மடிப்பைப் போட்டபோது முதலிலிருந்து கடைசிவரை நீலமாகவே இருந்தது. பலகையில் எது ஓடும், எது பிய்யும் என்று அந்த ஒரு மாலையில் கண்ணாலேயே கண்டோம்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். அந்த நிறம் இழுபடுவதை மட்டுமே காட்டுகிறது. நான்கு பக்கமுள்ள ஒவ்வொரு முகத்தையும் இந்தக் கருவி மூலைவிட்டத்தில் பிரித்து இரண்டு முக்கோணங்களாக வைத்துக்கொள்கிறது. அந்த மூலைவிட்டத்தில் முகம் வளைந்தால் நிறம் மாறாமலே போகலாம். நாம் கெட்டி மடிப்பு என்று நம்பி ஏமாறுவோம். முகங்களின் விறைப்பைக் கூட்டும் அமைப்பு அதிலேயே இருக்கிறது. அதை உயர்த்திவைத்து மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒரு முகம் இன்னொன்றைத் துளைத்துக்கொண்டு போனாலும் இது தடுக்காது. திரையில் அழகாக மடிந்த ஒன்று கையில் முட்டிக்கொண்டு நின்ற அனுபவம் எங்களுக்கு உண்டு.

ஒரு எக்செல் தாள் போதும்

மியுரா மடிப்பை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பந்தலுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது அதைத்தான். ஜப்பானிய விண்வெளி அறிவியலாளர் கோர்யோ மியுரா வகுத்தது. 1995-ல் ஏவப்பட்ட ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட் என்ற விண்கலத்தில் சூரியத் தகட்டு விரிப்பு இந்த முறையில்தான் மடிக்கப்பட்டுச் சென்றது. சாய்ந்த இணைகரங்களை வரிசையாக அடுக்கிய வடிவம். ஒரு திசையில் கோடுகள் நேராகவும், மறு திசையில் நெளிவாகவும் போகும். ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு மடிப்புகள் சந்திக்கும். பலகைகள் கெட்டியாக இருந்தால் முழுப் பரப்புக்கும் ஒரே ஓர் இயக்கம்தான் உண்டு. ஒரு மூலையை இழுத்தால் மற்றதெல்லாம் தானாகத் தொடரும். ஒரே ஆள், ஒரே இழுப்பு என்று அந்த அம்மா கேட்டதற்கு வடிவியல் கொடுத்த விடை இது.

இந்த வடிவத்துக்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. பள்ளி முக்கோணவியல் போதும். எங்கள் பந்தலில் 30 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இணைகரங்கள், ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 பலகைகள். இணைகரத்தின் கூர்ங்கோணம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. நெளிவு நன்றாகத் தெரிய வேண்டும் என்று படங்களில் பெரும்பாலும் 60 பாகை போட்டிருப்பார்கள். நாங்களும் அதையே எடுத்தோம். மடித்தபோது நீளம் சுமார் 110 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கவில்லை. காரணம் எளிது. நேர்கோட்டுத் திசையில் ஒவ்வொரு பலகையும் மடிந்தபின்பும் தன் நீளத்தை அந்தக் கோணத்தின் கோசைனால் பெருக்கிய அளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது. 60 பாகையின் கோசைன் அரை. ஆறு பலகைக்கு 90 சென்டிமீட்டர், அதோடு ஒரு பலகையின் மறுபக்கம் 20. கோணத்தை 80 பாகைக்கு ஏற்றினால் மொத்தம் 51 சென்டிமீட்டர். 84 பாகைக்கு ஏற்றினால் 39.

அப்படியானால் 90-க்கு மிக அருகில் போய்விடலாமே என்று தோன்றும். அங்கே இன்னொன்றை இழக்கிறோம். 80 பாகையில் எக்செல் தாள் காட்டியதைச் சொல்கிறேன். முழுதாக விரிந்திருக்கும்போது நீளம் 183, அகலம் 118 சென்டிமீட்டர். பலகைகள் படுக்கை நிலையிலிருந்து 30 பாகை சாய்ந்தால் நீளம் 161-ஆகக் குறைகிறது. அகலம் 118-ஐ விட்டு அசையவே இல்லை எனலாம். 80 பாகை சாயும்போது நீளம் 58-க்கு வந்துவிடுகிறது, அகலம் இன்னும் 84. அந்த 84-ம் கடைசிப் பத்துப் பாகைக்குள் அடுக்கின் கனமாக ஒடுங்கிவிடுகிறது. அதாவது ஒரு திசை முதலில், மறு திசை கடைசியில். கோணம் 90-ஐ நெருங்க நெருங்க இந்தப் பிரிவு கூர்மையாகி, இரண்டு திசைகளையும் பிணைக்கும் கட்டு தளர்கிறது. சரியாக 90 என்றால் அது நாம் மடிக்கும் சாதாரண வரைபடத் தாள்தான். ஒரு இழுப்பில் விரியாது. 51 சென்டிமீட்டர் இரண்டடிக்குள் வந்துவிடுகிறது என்பதால் 80-இல் நின்றோம். அந்த 30 பாகைச் சாய்வில் பந்தலின் மடிப்பு ஆழம் சுமார் 15 சென்டிமீட்டர் இருக்கிறது. அந்த ஆழம்தான் கடல் காற்றில் பரப்பு படபடக்காமல் இருக்க விறைப்பு தருகிறது. ஆகவே நீளம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் முழுதாக விரிக்காமல் அங்கேயே பூட்டிவிடுவது என்று முடிவு செய்தோம்.

சீரற்ற வடிவம் வேண்டுமென்றால்

எக்செல் தாள் நிற்கும் இடமும் உண்டு. ஒரே மாதிரி இணைகரங்களால் சமதளப் பந்தல்தான் வரும். வில் போல வளைந்த கூரை வேண்டும், ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வேண்டும் என்றால் ஒவ்வொரு பலகையும் வேறு அளவாகிவிடும். அங்கே டாச்சியின் ஃப்ரீஃபார்ம் ஓரிகாமி மிகுந்த பயன் தருகிறது. மியுரா போன்ற தெரிந்த மடிப்பை எடுத்துக்கொண்டு ஒரு புள்ளியை இழுத்தால், தட்டையாக மடியும் விதி கெடாதபடி மற்றப் புள்ளிகளையெல்லாம் அது நகர்த்திக்கொள்ளும். களிமண்ணைப் பிசைவது போல இருக்கும். விதிகள் மட்டும் உடைவதில்லை. விண்டோஸில்தான் ஓடும், தோற்றம் பழையது, உதவிக் குறிப்புகள் குறைவு. அவற்றுக்காக இதைத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து.

கட்டடக்கலைஞர்கள் ஏற்கெனவே ரைனோவில் வேலை செய்பவர்களாக இருந்தால் கிரேன் என்ற சேர்க்கை அவர்களுக்கு உகந்தது. ரைனோவோடு வரும் கிராஸ்ஹாப்பர் என்ற நிரல்வழி வரைவுக் கருவியில் இயங்கும், வடிவம், மடிதல், பலகைக் கனம், வெட்டும் வரைபடம் வரை ஒரே இடத்தில் கொண்டுபோக முடியும். எல்லாவற்றிலும் வலிமையானது இதுதான். ஆனால் ரைனோவுக்குப் பணம் கட்ட வேண்டும். 90 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்க விடுகிறார்கள். ஒரே ஒரு பந்தல் செய்பவருக்கு அந்தத் தொண்ணூறு நாளே போதும், திட்டமிட்டு உட்கார்ந்தால். கிராஸ்ஹாப்பரையே புதிதாகக் கற்க வேண்டியவர் அந்த நாட்களில் பாதியைக் கற்பதிலேயே செலவிடுவார். அக்கா மகன் கற்றுக்கொண்டான். அவனுக்கு அது வேலைக்கும் உதவும். எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

எவ்வளவு விசை தேவை, எந்தக் காற்றில் சாயும் என்று எண்ணிக்கையாகத் தெரிய வேண்டிய ஆய்வு மாணவருக்கு கே லியுவும் கிளாசியோ பவுலினோவும் எழுதிய மெர்லின் இருக்கிறது. மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஓடும். மற்றவர்களுக்கு அது தேவைப்படாது.

எதில் தொடங்கினாலும் கோப்பு வடிவத்தில் ஒரு கவனம் வேண்டும். டிமெய்ன், ஜேசன் கூ, லாங் மூவரும் 2016-ல் முன்வைத்த ‘ஃபோல்ட்’ என்ற பொது வடிவத்தைப் படிக்கும் கருவிகளாகப் பார்த்து எடுத்தால், ஒன்றில் வரைந்ததை இன்னொன்றில் திறக்கலாம். இல்லாவிட்டால் 36 பலகைகளையும் இரண்டு முறை வரைய நேரும்.

கனம்

நான் பார்த்த இலவசக் கருவிகள் எல்லாம் தாளுக்குக் கனமே இல்லை என்று வைத்துக்கொள்கின்றன. பலகைக்குக் கனம் உண்டு. எங்கள் பந்தலை மடித்தால் நடுப்பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்கின்றன. 3 மில்லிமீட்டர் சன்பேக் என்றால் பலகை மட்டுமே ஏழெட்டு சென்டிமீட்டர். இந்தச் சிக்கலுக்கு நல்ல ஆய்வுகள் உள்ளன. டாச்சி பலகைகளின் ஓரத்தைச் சரிவாகச் சீவும் முறையைச் சொன்னார். 2015-ல் யான் சென், ருய் பெங், ஸோங் யூ மூவரும் கீல்களின் அச்சுகளைப் பலகைகளின் மேல் முகத்துக்கும் கீழ் முகத்துக்கும் இடம் மாற்றியமைத்து, கனத்தோடே மடியும் வழியைக் காட்டினார்கள். இரண்டுக்கும் நல்ல எந்திரமும் துல்லியமும் வேண்டும்.

நாங்கள் எடுத்தது எளிய வழி. தார்ப்பாய்த் துணியின் ஒரு முகத்தில் பலகைகளை இடைவெளி விட்டு ஒட்டினோம். துணியே கீல். துணிப்பக்கம் ஒன்றையொன்று தொடும்படி மடியும் கோடுகளுக்கு இடைவெளி தேவையில்லை. பலகைப்பக்கம் உள்ளே போகும் கோடுகளுக்குக் குறைந்தது இரண்டு பலகைக் கனம், அதாவது 6 மில்லிமீட்டர். ஏற்கெனவே மடிந்த அடுக்குகளைச் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும் இடங்களில் இன்னும் அதிகம். முதல் மாதிரியில் எல்லாக் கோட்டுக்கும் ஒரே இடைவெளி விட்டோம். மடித்தபோது நடுவில் வில்லாகப் புடைத்து, இரண்டு பலகைகள் பிய்ந்து வந்தன.

வெட்டக் கொடுக்கும்போது ஒன்று. விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் ஃப்ளெக்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று லேசர் வெட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது பிவிசி; லேசரில் எரிந்தால் நுரையீரலையும் எந்திரத்தையும் அரிக்கும் வாயு வரும். ஃப்ளெக்ஸைக் கத்தியால் வெட்ட வேண்டும். சன்பேக்கை வெட்டலாம்; ஆனால் சென்னை வெயிலில் நாள்பட அது நொறுங்கத் தொடங்கும் என்பதால், வெயிலைத் தாங்கும் சேர்மானம் கலந்த ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

சென்ற வாரம் ஆறில் ஒரு பங்கு அளவிலான மாதிரியை அந்த அம்மாவிடம் எடுத்துப்போனோம். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார், விரிந்தது. தள்ளினார், மடிந்தது. நாலைந்து முறை செய்து பார்த்தார். பிறகு பூவுக்குத் தெளிக்கும் செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். தண்ணீர் மடிப்புப் பள்ளங்களில் தேங்கி நின்றது. “தண்ணி எங்கே போகும் தம்பி?” என்று கேட்டார்.

இத்தனை கருவிகளில் எதிலும் நாங்கள் அதைக் கேட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடியும் பார்த்தோம். மியுரா மடிப்பு பாதி விரிந்து நிற்கும்போது நெளிகோடுகள் ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில் கிடக்கின்றன. மேட்டு நெளிகோடு மேலே, பள்ள நெளிகோடு கீழே. பள்ள நெளிகோடு ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். நாங்கள் மாதிரியை நீளவாக்கில் சாய்த்துப் பிடித்திருந்ததால் அந்த வாய்க்கால்கள் குறுக்காக நின்று தொட்டிகளாகிவிட்டன. அகலவாக்கில் சாய்த்தால், 80 பாகையில் நெளிவு மிகச் சிறியது என்பதால், தண்ணீர் ஏறக்குறைய நேராக ஓடி வெளியே விழுகிறது. இப்போது சுவர்ப்பக்கக் கழியைத் தெருப்பக்கக் கழியைவிட ஒரு சாண் உயரமாக வெட்டச் சொல்லியிருக்கிறோம். ஐப்பசிக்கு முன் முழு அளவில் கட்டிவிட வேண்டும்.